பொல்லாத நாய்

சென்ற மாதத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் மாணாக்கன் ஒருவன் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினான். அவனுடைய தங்கை, நாய்கள் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்து வளர்க்கவேண்டுமென்று அடம்பிடிக்கின்றாளாம். தகப்பனாரோ, தெருவிலே திரிந்த கட்டாக்காலியின் குணத்தை யார் அறிவார், குட்டியாயின் கொண்டுவரலாம், வளர்ந்த நாய் வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம். "சேர், வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டியே அறிவதற்கு வழி உண்டா?" என்பதே அவனுடைய கேள்வி.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு நாயென்றதும் முதலில் நினைவுக்கு வருவது நாலடியார். யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டு, நாயைப் போன்றவர்களின் நட்பைக் கொள்ளும்படி கூறுகின்ற அந்தச் செய்யுளை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வருகின்றேன். எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கவும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாய் அது. ஆயின் அந்த நாய் தன் தலைவனை அறிந்த நாய். தலைவன் எவனையும் அறியாத நாயும், அறிந்தவனாலே நடுத்தெருவில் விடப்பட்ட நாயும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அச்செய்யுள் ஒன்றுங் கூறவில்லை. அதனை நான் எங்கள் வீட்டுச் சிவலையிடமே கற்றேன். மாணாக்கனுக்குச் சொன்ன அந்தக் கதையை வாசகர்களுக்கும் சொல்லலாமென்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலே பதினொரு வருடம் வாழ்ந்த நாய் முதுமையினால் இறந்துபோனது. அதன் பின் ஒரு வருடகாலம் படலையடி வெறுமையாகவே கிடந்தது. பதினொரு வயதுடைய என் மகள், இனி ஒரு நாய் வருவதாயின் அது யாரும் விரும்பாத நாயாக இருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு கொள்கையைக் கொண்டுவந்தாள். ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் அவளை அழைத்துக்கொண்டு, ஊருக்கு அப்பால் ஒரு பனங்காணியிலே இளைப்பாறிய தபால் உத்தியோகத்தர் ஒருவர் நடத்திவந்த காப்பகத்துக்குச் சென்றேன். அங்கே நாற்பது நாய்கள் வரை இருந்தன. கம்பிவலை அடைப்பு, தகரக் கொட்டில்கள், ஒரு கிணறு, பெரியதோர் அலுமினியப் பானை: காப்பகத்தின் சொத்து இவ்வளவுதான். இவற்றோடு ஒரு கொப்பியும் இருந்தது. நாய் ஒன்றுக்கு ஒரு பக்கமாக, வந்த திகதி, நோய், ஊசி, குணம் என்று பெரியவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார்.

அன்று நான் கண்ட முதற் காட்சியை மறக்க இயலாது. அடைப்பின் அருகே நின்ற வேளையில் சட்டைப்பையிலிருந்த பேனை நிலத்தில் விழுந்தது. அதனை எடுப்பதற்குக் குனிந்தேன். அந்தக் கணத்திலே, கம்பிவலைக்கு அருகில் வாலாட்டிக்கொண்டு நின்ற பத்துப் பன்னிரண்டு நாய்களும் ஒருசேரப் பின்வாங்கி ஓடின. நான் திகைத்துப்போனேன். பெரியவர் சிரித்தார். "மாஸ்ரர், நீங்கள் கல்லெடுக்கிறீங்கள் எண்டு நினைச்சிட்டுதுகள்," என்றார். நம் தெருக்களிலே ஒரு மனிதன் குனிந்தால் அடுத்து வருவது கல் என்பது அந்த நாய்கள் கற்ற பாடம். நாற்பது நாய்களுக்கும் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவர்கள் நாங்கள்தாம்.

ஆனால் ஒரு நாய் மட்டும் ஓடவில்லை, அசையவும் இல்லை. கொட்டிலின் மூலையிலே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. செந்நிறம், ஒட்டிய வயிறு, காதுகளிலே சொறி. மற்றவை குரைத்த பொழுதும் அது குரைக்கவில்லை. "அப்பா, இது ஒருத்தருக்கும் தொந்தரவு செய்யாத நாய். இதைக் கொண்டுபோவம்," என்றாள் மகள். எனக்கும் அப்படியே பட்டது. அமைதியான நாய், குழந்தை உள்ள வீட்டுக்குப் பொருத்தமானது என்று எண்ணினேன்.

பெரியவர் தலையை அசைத்து மறுத்தார். "அது அமைதி இல்லை, மாஸ்ரர். பயத்திலை உறைஞ்சு போய்க் கிடக்குது," என்றவர், கொப்பியைப் புரட்டி அதன் பக்கத்தைக் காட்டினார். குணம் என்ற இடத்திலே, "பொல்லாதது. சோறு தின்னும்போது கிட்டப் போகக் கூடாது," என்று எழுதப்பட்டிருந்தது. முன்னர் ஒரு குடும்பத்தினர் அதனைக் கொண்டுசென்றனராம். உண்ணும் வேளையிலே அவர்களுடைய சிறுவன் கோப்பையைத் தொடப்போக, அது உறுமிப் பல்லைக் காட்டிற்றாம். நான்காம் நாள் மீண்டும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் சொன்ன சொல்லே கொப்பியில் ஏறியது.

இருபது வருடமாக மாணாக்கரின் நன்னடத்தைப் பத்திரங்களில் ஒற்றை வரி எழுதிவருபவன் நான். அவ்வரியை எழுதும் வேளையிலே எத்துணை அவசரம் இருக்கும் என்பதை நான் அறிவேன். எனினும் அன்று அந்தக் கொப்பியைப் பார்த்ததும் என் மனத்திலே தோன்றியது இரக்கமன்று, அச்சமே. பதினொரு வயதுப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றாள். இந்த நாயை வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்கு என்ன சொல்வேன்? வேறொரு நாயைப் பார்ப்போம் என்று மகளிடம் மெல்லச் சொன்னேன். அவள் பதில் கூறாது கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வாக்குவாதத்தை முடித்துவைத்தவர் அன்று காப்பகத்துக்கு வந்திருந்த மிருக வைத்தியர். குணத்தைப் பற்றிய பேச்சு பின்னர் இருக்கட்டும், முதலில் இது சுகமான நாயா என்று பார்ப்போம் என்றார் அவர். நோயுள்ள நாயின் குணத்தை மதிப்பிடுவது, காய்ச்சலோடு பரீட்சைக்கு வந்த மாணாக்கனின் அறிவை மதிப்பிடுவது போன்றது என்று அவர் கூறியது எனக்குச் சட்டென விளங்கிற்று.

அவர் நாயைப் பரிசோதித்த முறையை அருகிலிருந்து கவனித்தேன். முதலிலே வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். வளர்ந்த நாய்க்கு நாற்பத்திரண்டு பற்கள். நாலு மாதமளவில் பாற்பற்கள் விழத் தொடங்கி, ஏழு மாதமளவில் நிலைப்பற்கள் யாவும் முளைத்துவிடும். அதன்பின் முன்பற்களின் தேய்வைக் கொண்டே வயதை ஊகிக்கவேண்டும். இதற்கு ஏறத்தாழ இரண்டு வயது என்றார். பின்னர் பல்முரசை விரலால் அழுத்தி எடுத்தார். சுகமான நாயின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். அழுத்திய இடம் வெளிறி, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். இதன் முரசோ அழுத்துமுன்னரே வெளிறிக் கிடந்தது. உடல் வெப்பம் 104 பாகை. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 பாகை பரனைற் வரை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு சுகமான நாய்க்கும் காய்ச்சலென்று கலங்குபவர்கள் பலர். கால் விரல்களின் இடுக்கிலும் காதின் உட்புறத்திலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

இரத்தப் பரிசோதனையில் விடயம் வெளிப்பட்டது. உண்ணிக் காய்ச்சல். நம்மூர் நாய்களிலே காணப்படும் மண்ணிற உண்ணி, ஒரு நாயின் இரத்தத்தைக் குடித்து மற்றொன்றைக் கடிக்கும்பொழுது நுண்கிருமிகளைக் கடத்துகின்றது. அவற்றுள் ஒருவகை குருதியின் வெள்ளணுக்களிலும், வேறொருவகை செவ்வணுக்களிலும் குடிகொள்ளும். நாய் சோர்ந்து, உணவை வெறுத்து, இரத்தம் குன்றி நாளடைவில் மடிந்துபோகும். சிலவற்றுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடியும். சிவலைக்கு வந்திருந்தது முதலாவது வகை. டொக்சிசைக்கிளின் மாத்திரையை இருபத்தெட்டு நாட்கள் இடைவிடாது, உணவோடு கொடுக்கவேண்டும் என்றார் வைத்தியர். நாலு நாளில் காய்ச்சல் தணிந்து நாய் எழுந்து நடக்கும்; அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிட்டால் நோய் உள்ளே பதுங்கிவிடும் என்று இரண்டு தடவை எச்சரித்தார். காதிலிருந்த சொறி சிற்றுண்ணியால் வருவது, மற்ற நாய்களுக்கும் தொற்றக்கூடியது, மனிதர் தோலிலும் சில நாட்களுக்கு அரிப்பை உண்டாக்கும். ஆகவே சிவலைக்குத் தனிக் கொட்டில். குடற்புழுக்களுக்கு மருந்து. உடல் தேறிய பின்னர் கருத்தடைச் சத்திரசிகிச்சை. டிஸ்டெம்பர், பார்வோ என்னும் கொடிய நோய்கள் உடம்பிலே புகுந்து வெளித்தெரியச் சில நாட்கள் முதல் இரண்டு கிழமை வரை செல்லுமாதலால், புதிதாக வந்த எந்த நாயையும் இரண்டு கிழமையேனும் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது என்பதும் அவர் கூறியதே. மொத்தத்தில், ஐந்து கிழமைக்குப் பின்னர் வாருங்கள் என்றார்.

விசர்நாய் நோயைப் பற்றி இவ்விடத்திலே சில வார்த்தைகள் சொல்லாதிருத்தல் தவறு. ஏனெனில் கட்டாக்காலி என்றதும் நம் பெற்றோர் அஞ்சுவது அதற்காகவே. அந்த அச்சம் நியாயமற்றதன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயினால் இறந்தோர் 377 பேர். நாய்களுக்கு வருடந்தோறும் தடுப்பூசி ஏற்றும் முயற்சியும், கடியுண்டவர்களுக்கான சிகிச்சையும் பரவிய பின்னரே அத்தொகை பெரிதும் குறைந்தது. 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய் நோய்க்கெனக் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டிலே நாய்களைப் பதிவு செய்வதற்கெனக் கட்டளைச் சட்டமும் இங்கே இயற்றப்பட்டன. கட்டாக்காலிகளைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 2006ஆம் ஆண்டிலே அரசாங்கம் கொல்லாமைக் கொள்கையை ஏற்று, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று கொண்டது. ஊசி ஏற்றப்பட்ட நாய் நமக்கும் நோய்க்கும் இடையிலே நிற்கும் மதில். ஏற்றிய அட்டையைக் கேட்டுப் பார்க்காமல் எவரும் எந்த நாயையும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் பூசும் பழைய வழக்கம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அது காயத்தைப் புண்ணாக்குவதன்றி வேறொன்றுஞ் செய்யாது. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடவுங் கூடாது. அதனைக் கட்டிவைத்துப் பத்து நாள் அவதானித்தால், அது நோயுற்றதா அல்லவா என்பது தெரியவரும்.

ஐந்து கிழமை என்றதும் மகள் சோர்ந்துபோவாள் என்று எண்ணினேன். அவளோ, ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்ப்போம் என்றாள். இப்பொழுது நினைத்துப் பார்க்கையில், அந்த ஐந்து சனிக்கிழமைகளே எங்களைக் காப்பாற்றின என்று சொல்லவேண்டும். முதற் சனிக்கிழமை நாங்கள் அடைப்புக்கு வெளியே ஒரு வாங்கிலே பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்திருந்தோம். நாயின் கண்ணை நேரே உற்றுப் பார்த்தல் அதற்குச் சவால். குனிந்து தலைக்கு மேலாகக் கையை நீட்டுதலும் அவ்வாறே. இரண்டாஞ் சனிக்கிழமை சிவலை சுவரை விட்டு எங்களை நோக்கித் திரும்பிப் படுத்தது. மூன்றாஞ் சனிக்கிழமை ஒரு முறை கொட்டாவி விட்டு உதட்டை நக்கிற்று. நித்திரை வருகிறது என்றாள் மகள். நித்திரையன்று, மனக்கலக்கத்தின் அடையாளம் என்றார் பெரியவர். வாலாட்டுதல்கூட எப்பொழுதும் நட்பின் குறியன்று. வால் உயர்ந்து விறைத்து வேகமாக ஆடுமாயின் விலகி நிற்றலே நன்று. தளர்ந்த உடம்பும், இடுப்போடு சேர்ந்து ஆடும் வாலுமே நட்பைக் காட்டுவன. நாலாஞ் சனிக்கிழமை அது எழுந்து வந்து மகளின் புறங்கையை மோந்துவிட்டுப் போயிற்று. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையைக் கழுவமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சொறி மருந்து பூசிய நாயென்று சொல்லித்தான் கழுவுவித்தேன்.

இதற்கிடையிலே நான் வாசிக்கத் தொடங்கினேன். அச்சத்தைப் போக்கிக்கொள்ள ஆசிரியனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. மேல்நாட்டுக் காப்பகங்களிலே நாயின் குணத்தைச் சோதிப்பதற்கு வகுத்த முறைகள் உண்டு. அவற்றுள் ஒன்று, நாய் உண்ணும்பொழுது ஒரு கோலின் நுனியிலே பொருத்திய போலிக் கையைக் கோப்பைக்குள் நுழைத்துப் பார்ப்பது. உறுமும் நாய்க்கு ஆபத்தான நாயென்று பெயர். பல காப்பகங்களில் அந்தப் பெயரே அதற்கு மரணதண்டனையாகவும் முடிந்ததுண்டு. 2013ஆம் ஆண்டிலே ஏமி மார்டர் என்னும் மிருக வைத்தியரும் அவரோடு சேர்ந்தோரும், அவ்வாறு உறுமிய நாய்கள் வீடுகளுக்குச் சென்ற பின்னர் எப்படி நடந்துகொண்டன என்று விசாரித்தார்கள். ஏறத்தாழ அரைவாசி நாய்களே வீட்டிலும் உறுமின. அதுமட்டுமன்று, காப்பகத்திலே உறுமாத நாய்களுள் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டவை வீட்டுக்குச் சென்ற பின் உறுமின! 2016ஆம் ஆண்டிலே பட்ரோனெக், பிராட்லி என்னும் இருவர் இத்தகைய சோதனைகளையெல்லாம் கணக்கிட்டு ஆராய்ந்து, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதிலும் இவை மேலானவை அல்ல என்று எழுதினார்கள். பரீட்சைகளை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு இது சற்றே உறுத்தலான செய்தி.

காரணம் என்னவென்றால், காப்பகம் என்பது நாயின் இயல்பான வாழிடம் அன்று. 1997ஆம் ஆண்டிலே ஒஹாயோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியிலே, காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் குருதியிலே கலக்கத்தைக் காட்டும் கோட்டிசோல் என்னும் சுரப்பு மிகுந்திருக்கக் காணப்பட்டது. 2019ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் மனிதர் வீடுகளிலே தங்கவைத்துப் பார்த்தார்கள். வீட்டிலே தங்கிய நாட்களில் அச்சுரப்புக் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. நாற்பது நாய்கள் ஓயாது குரைக்கும் இடத்திலே, ஒரு கோப்பைச் சோற்றுக்கு நாற்பது வாய்கள் என்ற நிலையிலே, உணவைக் காத்துக்கொள்ளும் நாயைப் பொல்லாதது என்று எழுதிவிடலாமா? இந்த நியாயம் எனக்கு விளங்கிற்று. ஆயினும் அரைவாசி என்றால் மற்ற அரைவாசியும் உண்டல்லவா? சிவலை எந்த அரைவாசியைச் சேர்ந்தது என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டிலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. என் மனைவிக்கு மகளைப் பற்றிய பயம். மாமிக்கு ஆசாரத்தைப் பற்றிய கவலை. "தம்பி, நாய் வைரவற்றை வாகனந்தான். அதுக்காகச் சுவாமி அறைக்குள்ளை விடேலாது," என்றார். சுவாமி அறை, குசினி இரண்டுக்கும் நாய் போகாது என்று வாக்களித்தேன். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: ஏதும் பிழைத்தால் பிள்ளையின் அழுகைக்கு அஞ்சாமல் நான் நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவேனா? ஆமென்றேன். அதைச் சொன்னபொழுது மகள் அறையை விட்டு எழுந்து போனாள்.

இரண்டு இரவுகளுக்கு மட்டும் கொண்டுசென்று பார்க்கலாமென்று பெரியவரிடம் ஒழுங்கு செய்துகொண்டோம். அந்த இரண்டு நாட்களும் சிவலை விறாந்தை வாங்கின் கீழே ஒடுங்கிக் கிடந்தது. முதல் நாள் உண்ணவேயில்லை. இரண்டாம் நாள் இரவு, எல்லோரும் படுத்த பின்னர் கோப்பை வெறுமையாயிற்று. திருப்பிக் கொண்டுபோகவேண்டிய நாள் வந்தபொழுது, என்ன செய்வதென்று ஒருவரும் வாய்திறந்து பேசவில்லை. ஒருவரும் கொண்டுபோகவும் இல்லை.

புதிய நாய் வீட்டிலே பழகுவதற்கு மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று அனுபவசாலிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் பயம் தெளிய, மூன்று கிழமை வீட்டின் வழக்கம் அறிய, மூன்று மாதம் தன் வீடென்று நம்ப. இது சாத்திர விதியன்று; ஆயினும் எங்கள் வீட்டிலே பெரும்பாலும் பொருந்தி வந்தது. இருபதாம் நாள், படலையடியில் வந்த மீன்காரரைப் பார்த்துச் சிவலை முதன்முதலாகக் குரைத்தது. ஊரிலே நாய் குரைப்பதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட குடும்பம் எங்களுடையதாகவே இருக்கும்.

உணவு விடயத்திலே ஒரே ஒரு சட்டம் வைத்தோம். கிணற்றடிக்கு அருகே ஒரு மூலை. அங்கேதான் அதன் கோப்பை. அது உண்ணும்பொழுது எவரும் அந்தப் பக்கம் போவதில்லை. நாளடைவிலே மகள், தூரத்தில் நின்றபடி கோப்பையின் பக்கமாக ஒரு துண்டு அவித்த முட்டையை எறிந்துவிட்டு உடனே திரும்பிப் போகப் பழகினாள். மனிதர் வந்தால் கோப்பையிலிருந்து எடுப்பார்கள் என்று நினைத்த நாய், மனிதர் வந்தால் கோப்பைக்கு இன்னும் வரும் என்று கற்றுக்கொண்டது. வேறு வித்தை ஒன்றுமில்லை. நேற்றைய கறியை நாய்க்குக் கொட்டும் வழக்கத்தையும் இதோடு நிறுத்தினோம். வெங்காயம் நாயின் செவ்வணுக்களைச் சிதைக்கும் என்பதையும், வெங்காயமில்லாத கறி நம் குசினியிலே அரிது என்பதையும் தாய்மார்கள் கவனிப்பார்களாக.

மூன்றாம் மாதத்திலே சோதனை வந்தது. என் தங்கையின் குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. மருமகனுக்கு நான்கு வயது. பெரியவர்கள் பேச்சிலே மூழ்கியிருந்தபொழுது அவன் கிணற்றடிப் பக்கம் ஓடி, உண்டுகொண்டிருந்த சிவலையின் முதுகிலே கையை வைத்துவிட்டான். உறுமல் கேட்டது. நான் ஓடிச் சென்றபொழுது கண்ட காட்சி இது: சிவலை உண்பதை நிறுத்தி, உடம்பு விறைக்க, கண் ஓரத்தால் குழந்தையைப் பார்த்தபடி நின்றது. பல் தெரிந்தது. ஆனால் கடிக்கவில்லை. பின்னர் தானாகவே கோப்பையை விட்டு இரண்டடி பின்னே நகர்ந்து நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். என் மைத்துனர் அருகிலிருந்த தும்புத்தடியை எடுத்துவிட்டார். அதை நான் பறித்தெடுத்தேன். அதற்காக அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

உறுமல் என்பது நாயின் மொழியிலே ஓர் எச்சரிக்கை. கடிப்பதற்கு முன் அது நமக்குத் தரும் அவகாசம். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அன்றைய பிழை நாயினுடையதன்று. நான்கு வயதுக் குழந்தையையும் உண்ணும் நாயையும் காவலின்றி விட்ட என்னுடையது. அதன்பின் கிணற்றடி மூலைக்கு ஒரு சிறு தட்டி அடைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆகவே என் மாணாக்கனின் தகப்பனாருக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான். குட்டியாயின் குணத்தை நாம் உருவாக்கலாம் என்பது ஒரு பகுதி உண்மையே. ஸ்கொட், புல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, பிறந்து மூன்றாவது கிழமைக்கும் பன்னிரண்டாவது கிழமைக்கும் இடைப்பட்ட காலமே நாய்க்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம் என்று காட்டினார்கள். ஆனால் தெருவோரத்திலிருந்து மூன்று மாதக் குட்டியைத் தூக்கிவருபவர், அந்தக் காலம் எப்படிக் கழிந்தது என்று அறியாமலே தூக்கிவருகிறார். வளர்ந்த நாயிடமோ பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கிறது. ஒரு நாளில் அன்று, ஐந்தாறு நாட்களில். காப்பகத்திலும், முடிந்தால் இரண்டு இரவு நம் வீட்டிலும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடு, பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடு, மதிலோ வேலியோ ஒழுங்காக இல்லாத வளவு, இவற்றுக்குச் சிவலையைப் போன்ற நாய் ஏற்றதன்று. அவ்வீடுகளுக்கு வேறு நாய் உண்டு. அல்லது இன்னும் சில வருடம் பொறுத்திருக்கலாம். மறுப்பதிலே வெட்கமில்லை. நான்கு நாள் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதே நாய்க்குக் கேடு.

கடந்த தைப்பொங்கலுக்கு மறுநாள் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சிவலை முதலில் வாங்கின் கீழே போய்ப் பதுங்கிற்று. பிறகு குரலை அடையாளங்கண்டு வெளியே வந்து, இடுப்பும் வாலும் சேர்ந்து ஆட அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாமி கோப்பையிலே சோற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்று, தட்டிக்கு அப்பால் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்ததையும் அவர் கவனித்தார். பின்னர் தம் பையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்தார். நாயைக் கொண்டுபோனவர்கள் ஒரு வருடத்தின் பின் தம் கையால் ஒரு வரி எழுதவேண்டுமென்று ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறாராம். "நீங்கள் தமிழ் மாஸ்ரர். பாத்து எழுதுங்கோ," என்றார்.

குணம் என்ற இடத்திலே அவர் முன்னர் எழுதியிருந்ததை ஒரு கோட்டினால் வெட்டினேன். நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்த பின், "உண்ணும்போது தனிமையை விரும்பும்" என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்து, மீன்காரரைக் கண்டால் குரைக்கும் என்பதையும் எழுதும்படி கூறினாள். அதையும் எழுதி, அடுத்த விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றவேண்டிய திகதியை அதன் கீழே குறித்துக் கொடுத்தேன்.